சுரைக்காயில் மிஞ்சிய எழுத்து

சனிக்கிழமை என்றாலே இப்போதெல்லாம் எனக்குப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் அலாரம் இல்லாமல் நானாகக் கண் விழித்த ஒரே நாள் அதுதான். விடிவதற்குள் அந்த வாரத்துக் குறுக்கெழுத்து இணையத்தில் வந்திருக்கும். பல்கூடத் துலக்காமல் கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். டீ ஆறி ஆடை கட்டும். "கட்டத்துல குந்திட்டா இவ்ளோதான், வூடு பத்திக்கினு எரிஞ்சாலும் தெரியாது" என்று என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே தோசையை அவரே ஊற்றிக்கொள்வார்.

ஒரு நாட்டின் தலைநகரைக் கேட்டு நான்கு கட்டத்தில் எழுதவைக்கிற வகையை நான் சீந்துவதில்லை. நான் சொல்வது வேறு. குறிப்பு ஒரு முழு வாக்கியமாக, ஏதோ கதை சொல்வது போல வரும். அந்தக் கதையை நம்பினால் தொலைந்தோம். வாக்கியத்தின் ஏதாவது ஒரு முனையில் விடையின் பொருள் ஒளிந்திருக்கும். மிச்சச் சொற்கள் அந்த விடையை எழுத்து எழுத்தாகச் செய்கிற வழியைச் சொல்லும். ‘தகவு குலைந்தால் வாசலை மூடிவிடும் (3)’ என்று ஒரு முறை வந்தது. கம்பெனி பஸ் கேளம்பாக்கம் ரோட்டில் நகராமல் நின்றுகொண்டிருந்தது. மதிப்பு மரியாதை கெட்டால் என்ன மூடும், மானம் மூடுமா, வாய் மூடுமா என்று நெடுநேரம் அந்தக் கதைக்குள்ளேயே சுற்றினேன். திடீரென்று ‘தகவு’ என்கிற சொல் உடைந்து மூன்று எழுத்தாக என் எதிரில் கிடந்தது. குலைத்துப் போட்டால் ‘கதவு’. சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என்னவென்று கேட்டாள். விளக்கினேன். பாவம், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அந்த உடைகிற நொடிக்காகத்தான் எல்லாமே. கல்யாணம், சம்பள உயர்வு, வீடு குடிபோனது என்று நல்ல நாள்கள் எனக்கும் இருந்திருக்கின்றன. ஆனால் யார் தயவும் இல்லாமல், என் மண்டை ஒன்றை மட்டும் வைத்து எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிலம் கிடையாது. அம்மாவும் அப்பாவும் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். எனக்கென்று வந்த சொத்து என் மூளைதான். அதை வைத்துத்தான் படித்தேன், நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளமா என்று எங்கள் சொந்தத்தில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

கட்டத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விடை தோன்றினால் மட்டும் போதாது. ஒவ்வோர் எழுத்தும் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். ஓர் எழுத்துக்குக் காரணம் தெரியவில்லை என்றாலும் அந்தக் கட்டத்தை நிரப்ப மாட்டேன். வாரம் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இந்த விஷயத்தில் எனக்குச் சரியான ஜோடி கோவளத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாய். புதிர் போடுகிறவர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமானவர். கடைக் கல்லாவில் உட்கார்ந்து, வளையலுக்கும் பம்பரத்துக்கும் நடுவில் போடுவார். ஞாயிறு மாலை விடை வெளியாகும்வரை குழுவில் யாரும் விடை சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் சனிக்கிழமை நானும் அவரும் பேசுவது இரண்டே சொல். "ஆச்சா தங்கச்சி?" "ஆச்சு பாய்."

எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது போன வருஷம். எல்லாரும் பிழைத்ததே பெரிசு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை வரைக்கும்.

கைபேசியைத் திறந்தேன். குறிப்புகளைப் படித்தேன். புரிந்தது. அதுதான் கோளாறு, வெறுமனே புரிந்தது. தலைவன் என்றால் தலைவன், எலி என்றால் எலி. வாக்கியம் வாக்கியமாகவே நின்றது, எங்கே தட்டினாலும் உடையவில்லை. ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. தூக்கம் போதவில்லை, மாத்திரையின் வேலை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமும் அதே கதைதான். அதற்கடுத்த வாரம் கைபேசியைக் கட்டிலில் வீசியடித்தேன். எங்கள் கட்டில் அகலமானதால் அது பிழைத்தது.

டாக்டர் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். குடை, சாவி, ஒட்டகம் என்று எல்லாம் சரியாகச் சொன்னேன். "நார்மலா இருக்கீங்க" என்றார். ஒட்டகத்தை ஒட்டகம் என்று சொல்வதற்கா நான் இத்தனை வருஷம் படித்தேன்? என் மண்டைக்குள் இருந்த எது இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கிற படம் அவரிடம் இல்லை.

கம்பெனியில் என் மேலாளர் நல்ல பெண்மணி. சம்பளமில்லாத விடுப்பில் இடத்தை வைத்திருந்து, மாதம் ஒரு முறை கூப்பிட்டு "அவசரமில்லை, நீங்க ரெடின்னு நினைக்கிறப்ப சொல்லுங்க" என்பார். ரெடியா என்று எனக்கு எப்படித் தெரியும்? வேலைக்குப் போய் உட்கார்ந்து, கண்ணெதிரில் இருக்கும் தப்பைப் பார்க்காமல் விட்டு, எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்டுத் தெரிந்துகொள்ள நான் தயாராக இல்லை. நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். வரிசையாக மூன்று சனிக்கிழமை, யார் உதவியும் இல்லாமல், முழுக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். நிரப்பினால் மேலாளருக்குப் போன். முடியாவிட்டால் என் மூளை திரும்பி வரவில்லை என்று அர்த்தம், பேசாமல் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். இதை வீட்டுக்காரரிடமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

எழுத்தில்தான் ‘அவர்’, ‘வீட்டுக்காரர்’ எல்லாம். வீட்டில் ‘யோவ்’தான். காதல் கல்யாணம். குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு சர்வீஸ் பார்க்கிறவர். நாவலூர், சிறுசேரி அடுக்குமாடிகளில் லிஃப்ட் ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. ஃபில்டர் அடைத்துக்கொண்டது, தண்ணீரில் உப்பு அதிகம், வாசலில் செருப்பை எங்கே விடுவது என்று வாட்ச்மேனோடு சண்டை. அவர் பேச்சு இதைத் தாண்டிப் போகாது. குறுக்கெழுத்தில் அவருக்குத் துளி ஆர்வம் கிடையாது. "இத்த நிரப்புனா இன்னா குடுப்பாங்க?" என்று ஒரு தரம் கேட்டார். ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் என்றதும் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அழுதுகொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. சனிக்கிழமை அழுவேன், ஞாயிற்றுக்கிழமை முகம் வீங்கி இருக்கும். குழுவில் எட்டிப் பார்ப்பதை நிறுத்தினேன். பாயின் ‘ஆச்சா’வுக்குப் பதில் போடுவதையும் நிறுத்தினேன். வீட்டுக்காரர் கதவோரம் நின்று, "இன்னாம்மே, ஒண்ணுகூட வர்லியா?" என்பார். "போய்யா அந்தாண்ட" என்று எரிந்து விழுவேன். சர்வீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மாறியது. ‘முடிவிழந்த தலைவன் எலிவாலைப் பிடித்ததால் வந்த உபாதை (4)’ என்று ஒரு குறிப்பு. வழக்கம்போல மரத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எய்ந்ததுலேர்ந்து ஒரே தலைவலிம்மே. மண்டைய பொளக்குது."

எழுந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், டீ போட்டேன், கொஞ்ச நேரம் தைலம் தேய்த்துவிட்டேன். திரும்பி வந்து கட்டத்தைப் பார்த்ததும் வாக்கியம் உடைந்தது. தலைவனுக்கு முடிவு போனால் ‘தலைவ’. எலியின் வால் ‘லி’. தலைவலி! நான்கு எழுத்துக்கும் கணக்குத் தீர்ந்தது. நான் கத்திய கத்தலில் தலைவலிக்காரர் எழுந்து ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, எனக்கும்தான், அவருக்கும்தான்.

அன்றைக்குப் பாதிக் கட்டத்துக்கு மேல் வந்தது. அடுத்தடுத்த வாரம் இன்னும் வந்தது. வீட்டுக்காரரும் நல்ல மனநிலையில் இருந்தார், முன்னைவிட நிறையப் பேசினார். ஏதோ ஒரு அபார்ட்மென்ட் வாசலில் கொடுக்காப்புளி மரம் காய்த்துத் தொங்குகிறது என்றார். அவர் சித்தப்பா ஒருத்தர் சிலம்பம் சுற்றினதைச் சொன்னார். மாவு சலிக்க நல்ல சல்லடை ஒன்று வாங்க வேண்டும் என்றார். நான் கட்டத்தைப் பார்த்தபடியே உம் கொட்டினேன். நான் தேறி வருவதில்தான் மனுஷனுக்கு இவ்வளவு கலகலப்பு என்று நினைத்தேன், எனக்கே என்மேல் பிரியம் வந்தது. தொடர்ந்து மூன்று சனிக்கிழமை முழுக் கட்டமும் நிரம்பியது. பாய்க்கு ‘ஆச்சு’ என்று அனுப்பினேன். அவரும் ‘மாஷா அல்லாஹ்’ என்று போட்டார்.

மேலாளரைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் முதல் வாரத்தில் வந்துவிடுகிறேன் என்றேன். வீட்டுக்காரர் எனக்குப் புது டிபன் பாக்ஸ் வாங்கி வந்தார். மூன்று அடுக்கு. நான் அவ்வளவு சாப்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

வேலைக்குப் போக இன்னும் ஒரே வாரம் இருந்தபோது வந்த சனிக்கிழமையில், கடைசியாக ஒரு குறிப்பு நின்றது. ‘முடியாத ஏலத்தில் பாதிச் சுண்டைக்காய், பாயசம் மணக்கும் (5)’. குறுக்கே போகும் விடைகளிலிருந்து மூன்றாவது எழுத்து ‘க்’ என்றும் ஐந்தாவது ‘ய்’ என்றும் கிடைத்திருந்தன. ஏதோ காய் என்று தெரிந்தது. அதற்கு மேல் இருட்டு.

வீட்டுக்காரர் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "ம்மே, நேத்து ஒரு வூட்ல சுரைக்காய்ல பாயசம் பண்ணி குடுத்தாங்க. சுரைக்காய்ல! நல்லாத்தான் கீது."

"சுரைக்காய்லயா? கர்மம்" என்றேன்.

அவர் போனதும் சட்டென்று தோன்றியது, சுரைக்காய். ஐந்து எழுத்து, ‘க்’கும் ‘ய்’யும் அதனதன் இடத்தில். சுண்டைக்காயில் பாதி என்றால் முன்னால் ‘சு’, பின்னால் ‘க்காய்’. நடுவில் ‘ரை’ மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஏலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் தெரியவில்லை. காய்ச்சலுக்கு முந்தைய நானாக இருந்தால் அந்தக் கட்டத்தைத் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் வேலைக்குப் போகிறவளுக்கு ஓர் எழுத்து பெரிதாகத் தெரியவில்லை. ஏதாவது பழைய சொல்லாக இருக்கும் என்று நிரப்பிப் புதிர் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு மாலை மாமல்லபுரம் போனோம், நான் வேலைக்குப் போகப்போவதைக் கொண்டாட. கோயில் பக்கம் கூட்டம் தாங்காது என்று மீனவர் குப்பத்தைத் தாண்டிப் படகுகள் ஏற்றிவைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் மாங்காய் பத்தை வாங்கப் போனார். நான் கைபேசியைத் திறந்தேன். விடைகள் வந்திருந்தன. ஏலக்காய்.

முடியாத ஏலம், ‘ஏல’. சுண்டைக்காயில் பின்பாதி, ‘க்காய்’. ஏலக்காய். ஏலம் என்கிற சொல்லே குறிப்பில் பச்சையாக நின்றிருந்தது. புதிதாகப் போட வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைக்கிற மாதிரிக் குறிப்பு. அதற்குக் கீழே புதிர் ஆசிரியர் கேலியாக ஒரு வரி எழுதியிருந்தார். இரண்டே இரண்டு பேர் மட்டும் சுரைக்காய் என்று அனுப்பியிருக்கிறார்கள், எப்படி என்று விளக்கினால் நானும் தெரிந்துகொள்வேன் என்று.

குழுவில் பாய் பதில் எழுதியிருந்தார். "அந்த அறிவாளி நான்தான். விடிகாலைல தூக்கக் கலக்கத்துல போட்டது, அப்பறம் கடையில கூட்டம், மறுபடி பாக்காம அனுப்பிட்டேன். எங்க வூட்ல பெருநாளுன்னா சுரைக்காய் பாயசம்தான், அந்த நெனப்பு." கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள்.

அந்தச் செய்தியை இன்னொரு தரம் படித்தேன். சுரைக்காயில் பாயசம் என்று என் ஆயுசில் நான் கேட்டது ஒரே தடவை, முந்தின நாள் காலையில், என் வீட்டு வாசலில். பாய்க்குத் தனியாகத் தட்டினேன். "பாய், எங்க வூட்டுக்காரர் உங்களுக்குப் போன் பண்றாரா?"

தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்று நெடுநேரம் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. "தப்பா நெனைக்காத தங்கச்சி. பொங்கலுக்கு அப்பறம் சனிக்கெழமயானா விடிகாலைல கூப்டுவாரு. அதுக்குள்ள நான் போட்டு வெச்சிருப்பேன், எல்லாத்தயும் கேட்டுப்பாரு. மொத தபா பேசும்போது அழுதுட்டாரு. என்னால மாட்டேன்னு சொல்ல முடியல."

மணலில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். கொடுக்காப்புளி. சிலம்பம். சல்லடை. எல்லாம் அந்தந்த வாரத்துக் கட்டத்தில் இருந்தவை. தலைவலியும்தான். அன்றைக்கு அவருக்குத் தலை வலிக்கவே இல்லை. வலிக்காத நெற்றியில் நான் தைலம் தேய்த்துவிட்டேன், அவர் வலிக்காத தலைக்கு மாத்திரை விழுங்கினார். விடையைக் காதில் போட்டபின் எந்த வாக்கியமும் உடையத்தான் செய்யும். நான் எதையும் உடைக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் என் மூளை எங்கே கிடந்ததோ அங்கேயேதான் கிடக்கிறது. என்னையே வெறுத்தேன். அவரையும் கொஞ்சம் வெறுத்தேன், பொய் சொல்வானேன்.

காகிதத்தில் மாங்காய் பத்தையோடு கால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "இன்னாம்மே, ரிசல்ட் வந்துச்சா? எல்லாம் கரீட்டா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதிய பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. கைபேசியை அணைத்து மடியில் கவிழ்த்துவைத்தேன்.

"எல்லாம் கரெக்ட்டுய்யா" என்றேன்.

மறுநாள் மேலாளரைக் கூப்பிட்டு, என்னால் வர முடியாது, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் ஏன் என்று இரண்டு முறை கேட்டார். வீட்டுக்காரரிடம், கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம், என் இடமே போய்விட்டது என்றேன். அவர் அந்தக் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டினார். "ஒன் மாரி மூளக்காரிய வுட்டுட்டாங்களே, அவனுங்க உருப்புடுவானுங்களா?" என்றார். டிபன் பாக்ஸ் அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போனது.

பாயிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம், அவர் கேட்டால் வழக்கம்போலச் சொல்லுங்கள் என்று. பாய் சரி என்றார். இப்போதும் சனிக்கிழமை விடியும்போது மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிப் போகிறார் வீட்டுக்காரர். துணி இல்லாமல் திரும்பி வருகிறார். நான் கட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர் எதையாவது சொல்லிவைப்பார். உடனே எழுதினால் சந்தேகம் வரும் என்று கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிவிட்டு எழுதுவேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு விசிலடித்துக்கொண்டே படியிறங்குவார். மீதியை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது சொல்வார் என்று நானும் விட்டுவைப்பேன்.

போன சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பாமல் கட்டிலில் உட்கார்ந்தவர், "இடுப்பு புடிச்சிக்கினு கீதும்மே" என்றார்.

நான் கட்டத்தில் தேடினேன். இடுப்பு நான்கு எழுத்து, இடுப்புவலி ஆறு. ஆறெழுத்து எல்லாம் நிரம்பியிருந்தன. நான்கெழுத்தில் இரண்டு காலி, இரண்டிலும் குறுக்கே வரும் எழுத்து ஒத்துவரவில்லை. பிடிப்பு, சுளுக்கு, குறுக்கு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். எதுவும் உட்காரவில்லை. குறிப்புகளை முதலிலிருந்து மறுபடி படித்தேன். நிமிர்ந்தபோது அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அலமாரி மேல்தட்டில் தைலத்தைத் துழாவிக்கொண்டிருந்தார்.